சுருங்கும் கணக்கு

திட்டிவிட்டால் தேவலையே. நாலு வார்த்தை சத்தமாகச் சொன்னால், நானும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுவிடுவேன். இப்படிப் பரிவாகப் பார்க்கிற மனுஷனை என்ன செய்வது?

இப்படி நினைத்தபடி கிருபா சூளைக் கதவோரம் நின்றாள். சற்றுமுன் அவளும் கணவன் சுரேந்தரும் வெளியே எடுத்த மண்திரை, இரும்புச் சட்டத்துக்குள் நுழைய மறுத்துச் சாய்ந்து கிடந்தது.

பருத்தி நூலைக் கணினி எந்திரத்தில் வலைபோலப் பின்னி, கரைத்த களிமண்ணில் முக்கித் தொங்கவிட்டு, காய்ந்ததும் சுடுவார்கள். நூல் எரிந்துபோகும், அதன் ஒவ்வொரு கண்ணியும் சுட்ட மண்ணாக நிற்கும். அப்படிப்பட்ட திரைகளை அடுக்கினால் வெயிலை மறித்துக் காற்றை விடும் சுவர். கிணத்துக்கடவில் மேற்கு பார்த்து வீடு கட்டும் திருமலைசாமிக்குத்தான் முதல் சுவர்.

பார்க்க வந்திருந்த அவர் திரையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க அம்மணி, இதை வெக்கறதுக்கு நான் ஊட்டை இடிச்சுப் பெருசாக் கட்டோணுமாட்ட இருக்குதுங்களே!"

"தப்பு என்னுதுங்க. வேற செஞ்சு குடுத்துப்போடறோம்," என்றான் சுரேந்தர்.

"ஆரு தப்பா இருந்தா என்னங்க? மழைக்கு முன்னால செவுரு நிக்கோணும்." சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனார்.

முழுத் தப்பும் அவனுடையதல்ல. சூளையில் மண் சுருங்கும் என்று கிருபா வரைபடத்தில் அளவைக் கூட்டியிருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சுரேந்தரோ திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள்ளேயே வளர்ந்தவன். பின்னிய துணி என்றால் அலசலில் சுருங்கும் என்பது அவன் கையில் ஊறியது. பின்னல் எந்திரத்தில் அளவைப் போடும்போது அவனும் கேட்காமல் கூட்டிவிட்டான்; இரண்டு கூட்டலும் சேர்ந்து திரை சட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

"எரிஞ்சு சாம்பலாப் போற துணிக்கு அலசல் கணக்காங்க?"

அவள் கேட்டதும் அவன் தலையில் கைவைத்துச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு அவன் அருகில் வந்தான். "கண்ணு, இனி வரைபடத்தை நானே பாத்துக்கறேன். மண்ணு கணக்கையும் எங்கிட்டக் குடுத்துரு. ஒருத்தர் கையில இருந்தா இந்தக் குழப்பமே வராது. உனக்கும் தலைவலி மிச்சம்."

அவன் சொன்னதில் பிசகில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பேங்குக்குப் போய்வரும் வேலையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டபோதும் இப்படித்தான் சொன்னான். கார் ஓட்டுவதை வாங்கிக்கொண்டபோதும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இன்று சாவியைக் கொடுத்தால் பொள்ளாச்சி வரைகூட ஓட்டத் தைரியமில்லை. அன்பாகத்தான் வாங்கிக்கொள்கிறான். அன்பாக இருப்பதால்தான் கொடுத்ததே தெரிவதில்லை. இந்த மண் எவ்வளவு சுருங்கும் என்பது, சிறு சிறு துண்டுகளாகச் சுட்டுப் பார்த்து, அவை உடைய, அழுது அவள் கண்டது. இதையும் கொடுத்துவிட்டால் இந்தப் பட்டறையில் அவள் யார்?

அவன் புருவத்தில் படிந்திருந்த மண்தூசியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"வேண்டாங்க," என்றாள் மெதுவாக. "மண்ணு கணக்கு எங்கிட்டயே இருக்கட்டும்."