இந்த மாரி காலிதீனுக்கு

வாப்பா நல்ல மனுசன்தான். ஆனாலும் மௌத்தாகிற நேரத்தில் இப்படியொரு ஒழுங்கைச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டாம். வயலை இரண்டாகப் பிரித்தால் கீழ்ப்பங்குக்காரன் தண்ணிக்கு மேல்பங்குக்காரனிடம் கையேந்த வேண்டி வருமாம். ஆகவே பிரிக்க வேண்டாம், ஒரு வருசம் மூத்தவன் விதைக்கட்டும், மறு வருசம் இளையவன் விதைக்கட்டும். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து மூத்தவன் காலிதீனுக்கு ஒரு வருசம் வாழ்வு, ஒரு வருசம் வயிற்றெரிச்சல். தம்பி சப்ரியின் வருசத்தில் ஊரான் வயல்களில் உழவு மெசின் ஓட்டுவான். போகிற வழியில் வாப்பாவின் வயல் தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "முழுசா எனக்கெண்டு இருந்தா காட்டியிருப்பன் புள்ள, வெள்ளாமை எண்டா என்னெண்டு" என்று ஊரிலும் சொல்லித் திரிந்து, மனைவி ஸுல்பிகாவிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துப் போயிற்று.

இந்த மாரிப் போகம் அவனுடைய முறை. விளைந்தால் வீட்டுக்கு இரண்டு வருசச் சோறு. விளையாவிட்டால் அடுத்த மாரி சப்ரிக்கு, அதற்குப் பிறகுதான் இவனுக்கு. அந்த நினைப்பிலேயே மனுசன் வயலில் குடியிருந்தான். பயிரும் சும்மா சொல்லக்கூடாது, பாய் விரித்த மாதிரி நின்றது.

கதிர் வெளியே வருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் மழை பிடித்தது. மழையென்றால் மழையா அது! ஆறு நிரம்பிவிட்டது. கடலுக்குப் போகிற ஆற்றுவாயை மண்திட்டி அடைத்துக் கிடந்ததால் வெள்ளம் போக வழியில்லாமல் பள்ளத்திலிருந்த இவர்கள் வயலுக்குள் ஏறி நின்றது. பயிர் தலைக்கு மேல் தண்ணி.

ஆற்றுவாயை வெட்டினால் வெள்ளம் வடியும். அது எல்லாருக்கும் தெரியும். கடல் பொங்கி நிற்கும்போது வெட்டினால் முதலில் ஆறு போகும், பின்னால் கடல் உள்ளே வரும். அதுவும் எல்லாருக்கும் தெரியும். வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "கடல் அடங்கட்டும். மண் வெட்டுற பெக்கோ மெசின் கொண்டு வந்து ஒழுங்கா வெட்டுவம். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"கடல் அடங்கிற நேரம் என்ட பயிர் அழுகிப் போயிரும்" என்று முணுமுணுத்தபடி காலிதீன் வீட்டுக்கு வந்தான். வாசலில் தம்பி சப்ரி நின்றான்.

"காக்கா, உன்ட முகத்தைப் பார்த்தாலே தெரியிது. வெட்டப் போறாய். வேணாம் காக்கா."

"உனக்கென்ன?"

"போன மாரி என்ட வருசத்துலயும் இப்படித்தானே தண்ணி நின்டிச்சி. நான் வெட்டப் போனன். நீதானே மம்பட்டியைப் பறிச்செறிஞ்ச? பயிர் போனாலும் மண் மிஞ்சட்டும் எண்டு சொன்ன. பாதி அழுகிச்சி, பாதி தப்பிச்சே. பொறு காக்கா."

சொன்னது உண்மைதான். காலிதீன்தான் சொன்னான். தம்பியின் பயிர் அழுகியபோது பொறுமை லேசாக வந்தது, அவ்வளவுதான். இப்போது அது எங்கே போனதோ! மனதுக்குள் ஒரு சைத்தான் உட்கார்ந்துகொண்டு, இவன் தன்னுடைய அடுத்த மாரிக்காகக் கதைக்கிறான், உன் பயிருக்காக இல்லை என்று ஓதினான்.

"உனக்கு உன்ட வருசம்தான் பெரிசு. என்ட பயிர் செத்தா உனக்கென்ன! போடா!"

சப்ரியின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி நடந்தான்.

பின்னேரம் அஸர் தொழுத கையோடு காலிதீன் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுவாய்க்குப் போனான். மழைக்குப் பயந்து கடற்கரையில் ஈ காக்கை இல்லை. அலை ஒவ்வொன்றும் வீட்டுக்கூரை உயரம் எழும்பி விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றே முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினான். ஒரு முழ அகலத்துக்கு வெட்டினான், மிச்சத்தை வெள்ளமே பார்த்துக்கொண்டது. மண்திட்டி பொலபொலவென்று இடிந்து ஆறு கடலுக்குப் பாய்ந்தபோது மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தான்.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குள் பயிர் தெரிந்தது. வயலில் காவலிருக்கும் வாடிக் குடிலிலிருந்து போனில் கத்தினான்: "புள்ள, பயிர் தலை காட்டிட்டு! அல்ஹம்துலில்லாஹ்!"

"நீங்க வீட்ட வாங்களேன்" என்றாள் ஸுல்பிகா.

"என்ட பயிரை விட்டுட்டு எங்க வாற? இண்டைக்கு இஞ்சதான்" என்றான். வாடியில் நிம்மதியாகத் தூங்கினான். பாவம்.

விடியற்காலை சுபஹுக்கு எழும்பி, தொழுகைக்கு முன் வுளூச் செய்ய வாய்க்காலில் குனிந்தான். கையைக் கழுவினான். தண்ணியை அள்ளி வாய் கொப்பளித்தான்.

உப்புக் கரித்தது.

துப்பினான். இன்னொரு கை அள்ளி வாயில் விட்டான். உப்பு. வயலுக்குள் ஓடி இறங்கி, நடுவில் நின்று, அங்கேயும் அள்ளிக் குடித்துப் பார்த்தான். யா அல்லாஹ்! அங்கேயும் அதே கடல்தான். முழங்கால் தண்ணிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்றைய சுபஹு அவனுக்கு நேரம் தப்பிக் கழா ஆனது.

பயிர் உடனே சாகவில்லை. அதுதான் கொடுமை. முதலில் நுனி கருகியது, பிறகு மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம். நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போகும் என்று வட்டவிதானை திட்டி முடித்த பிறகு சொன்னார். காலிதீன் தொழுகைக்குத் தொழுகை மழை கேட்டான். அந்த மாரியில் அதற்குப் பிறகு ஒரு துளி விழவில்லை. வெயிலில் வயல் காய்ந்து, வெடிப்புகளின் ஓரமெல்லாம் உப்பு வெள்ளையாய்ப் பூத்தது.

போகம் முடிந்தால் ஒருவன் மற்றவனுக்கு வரம்பு காட்டிக் கொடுக்க வேண்டும். இருவரும் சேர்ந்து நாலு பக்கமும் நடந்து வருவது வாப்பா வைத்த வழக்கம். சப்ரி வந்தான். காலிதீனால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நடந்தார்கள்.

கடைசி மூலையில் சப்ரி குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான். துப்பிவிட்டு இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்தான்.

"ஏசுடா" என்றான் காலிதீன். "வாய் திறந்து ஏசு. அடி."

"ஏசி என்ன செய்யிற காக்கா. எனக்கு இனி வயல் வேணாம். சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில்லுல வேலை கேட்டிரிக்கன்."

"அப்ப உன்ட வருசம்?"

"அதையும் நீயே வெச்சிக்க. முழுசா வேணும் எண்டுதானே நீயும் கேட்டுத் திரிஞ்ச."

அதில் குத்தலே இல்லை. கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தான். சலாம் சொல்லிவிட்டு வரம்பால் நடந்து போனான்.

காலிதீன் அந்த மூலையிலேயே நின்றான். இந்த வரம்பிலிருந்து ஆற்றோரம் வரைக்கும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அவ்வளவும் இனி அவனுடையதுதான்.