கதவைச் சாத்திய கணவன்

1966ஆம் ஆண்டு ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, செட்டிபாளையம் வாசிகசாலையில் ஒரு வழக்குத் தீர்ப்புக்கு இருந்தது. ஒரு பக்கம் 'அந்திக்கு வருபவள்' என்ற நாவல். மறுபக்கம் அதை வைத்துச் சென்னையில் எடுத்த பேய்ப்படம். நடுவர் தபால் கந்தோர்க் கனகசூரியம்.

செத்துப்போன மனைவி அந்தி பட்டதும் வாசலுக்கு வருகிறாள். நாவலில் கணவன் பயப்படவில்லை. இலை போட்டுச் சோறு வைக்கிறான். ஒரு நாள் அவள் வராமல் விட, போட்ட இலைக்கு முன்னால் அவன் விடியும்வரை குந்தியிருக்கிறான். அதோடு கதை சரி. பத்து வருடத்துக்கு முன் வந்த படமோ பேய்ப்படங்களுக்கெல்லாம் தலைப்பிள்ளை என்று பேரெடுத்தது. கனகசூரியம் அதைப் பார்க்கவேயில்லை. அப்போது மனைவி இலட்சுமி கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாள்.

"கதையக் கெடுத்து வெச்சிருப்பானுகள், அத என்னத்துக்குக் காசு குடுத்துப் பாக்கிற?" என்று அவர் தட்டிவிட்டார்.

போன வருடம் இலட்சுமி வயிற்றுக் கட்டியோடு பதினொரு மாதம் படுத்தாள். கழுவி, துடைத்து, கஞ்சி பருக்கி எல்லாம் அவர்தான் பார்த்தார். அந்த நாவலை இரண்டு தரம் வாசித்தும் காட்டினார். இரண்டாம் தரம் முடிந்த அன்று அவள் கேட்டாள்:

"நான் வந்தா நீங்களும் சோறு போடுவீங்களா?"

"போடாம? வந்து பாரன்."

அவள் சிரித்தாள். பத்தாம் நாள் போய்விட்டாள்.

இப்போது அந்தப் படம் மறுபடி மட்டக்களப்பு நகரத்துக்கு வந்திருந்தது. எது பெரிது என்று வாசிகசாலை வாதாட முடிவெடுத்தது. தீர்ப்பு நாவலுக்குத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கனகசூரியத்துக்கு அந்தத் தீர்ப்பு வேண்டியிருந்தது. நாவலின் கணவன் மெய் என்றால், அவர் இலட்சுமிக்குக் கொடுத்த வாக்கும் மெய்.

கூட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, மத்தியான மற்றினிக் காட்சிக்கு இலட்சுமியின் தங்கை பத்தினிப்பிள்ளையும் அவள் புருசனும் அவரோடு போனார்கள். ஒரே வளவுக்குள் அடுத்த வீடு அவர்களுடையது. முதல் ஒரு மணித்தியாலம் கனகசூரியம் குறைகளாய்க் குறித்துக்கொண்டு போனார். நாவலில் இல்லாத மந்திரவாதி. நாவலில் இல்லாத இரண்டு பாட்டு. ஒரு நல்லதும் எழுதத்தான் வேண்டியிருந்தது. மற்றப் படங்களில் பேய் பல்லைக் காட்டிக்கொண்டு பறக்கும். இதில் அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, குளித்துவிட்டு வருகிறவள் போல நடந்து வந்தாள்.

பிறகு அந்த இடம் வந்தது. பின்னணி இசை நின்றது. கணவன் கையில் இலையோடு வாசலுக்கு வருகிறான். முகத்தில் சிரிப்பு. வெளியே அவள் காலடி கேட்கிறது. அவன் கை எழும்பிக் கதவைச் சாத்திக் கொண்டி போடுகிறது. தன் கையையே அவன் திகைத்துப் பார்க்கிறான்.

கனகசூரியத்தின் பென்சில் நின்றுவிட்டது.

இலட்சுமி செத்த எட்டாம் நாள் படையலில் நடந்ததை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுக்கு விருப்பமான கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் நடு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சனமெல்லாம் முற்றத்துக்கு இறங்கியது. செத்தவர் வந்து சாப்பிடுவதற்கான நேரம் அது. பிறகு படைத்தவர் மூன்று தரம் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். அவர் கதவடியில் நின்றார். உள்ளே தட்டு ஒன்று தரையில் அரைபடும் சத்தம் கேட்டது. தட்டுவதற்குத்தான் கையைத் தூக்கினார். கை போய் வெளிக்கொண்டியைப் போட்டது. பிறகு திரும்பி, "பத்தினி, கொண்டி இறுகிக் கிடக்கு, நீ திற" என்றார். அவள் திறந்தாள். உள்ளே கணவாய்ச் சட்டியின் மூடி சரிந்து கிடந்தது. வேறொன்றுமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பத்தினிப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சீ, அவனும் ஒரு ஆம்பிளையா? மெட்ராசில வீடு புருசன்ட, சாத்துறான். நம்மட ஊரில நடக்குமா அத்தான்? வீடு பொஞ்சாதிட சீதனம். அவட வீட்டுக் கதவ அவளுக்கே சாத்த எவனுக்குக் கை வரும்?"

"வராது" என்றார் கனகசூரியம்.

ஞாயிறு பின்னேரம் வாசிகசாலை நிறைந்திருந்தது. காத்தான்குடிப் புடவைக்கடை ஹலீம் படத்துக்காகப் பேசினார். மெதடிஸ்த பள்ளி வாத்தியார் அல்பேட் நாவலுக்காகப் பேசிவிட்டு, செயலாளர் என்றபடியால் கூட்டக் குறிப்பையும் கையில் எடுத்தார். இருவரும் நன்றாகவே பேசினார்கள். கனகசூரியத்துக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எழும்பி நின்றார்.

"மற்றப் பேய்ப்படமெல்லாம் பேயைக் காட்டுது. நாவல் நல்ல மனிசனைக் காட்டுது. இந்தப் படம் இருக்கிற மனிசனைக் காட்டுது. படம்தான் வென்றது."

"ஆ!" என்று ஹலீம் கதிரையில் தட்டினார். "நான் தோக்கத்தானே வந்த! எப்பிடி மச்சான் வெண்டன்?"

அல்பேட்டுக்கு ஏறவில்லை. "என்ன கனகசூரியம், ஆசையாய்ச் சீவிச்ச பொஞ்சாதி வாசல்ல நிற்க, எந்த மனிசன் கதவைச் சாத்துவான்? நீர் சாத்துவீரோ?"

"சாத்தினன்."

ஹலீம் வெடித்துச் சிரித்தார். "இந்த மனிசன்! பதினொரு மாசம் பொஞ்சாதிட கால்மாட்டில கிடந்த ஆள் செல்ற கதையப் பாருங்களன்!" மண்டபம் முழுக்கச் சிரித்தது.

"மெய்யாத்தான் சொல்றன், ஹலீம். எட்டாம் நாள்..."

"போதும் மச்சான், சிரிச்சு வயிறு நோகுது. தேத்தண்ணி ஆறுது, வாங்க."

சனம் கலைந்தது. தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். இலட்சுமி போனபிறகு மனிசன் இன்றைக்குத்தான் பகிடி விட்டது என்று யாரோ சந்தோசப்பட்டார்கள். அல்பேட் குறிப்பை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார்.

'நடுவர் படமே சிறந்தது எனத் தீர்ப்பளித்து, நகைச்சுவையாக முடித்துவைத்தார்.'

"அந்தக் கடைசி வரி வேணாம், மாஸ்டர். வெட்டிவிடுங்க."

"ஏன், நல்லாத்தானே இரிக்கி? அப்பிடித்தானே நடந்த?"

கனகசூரியம் பேனையை வாங்கினார். பிறகு தேதி போட்டு, முழுப் பேரையும் எழுதி, கையெழுத்து வைத்தார்.