செந்தாழைப் பை தின்ற மீன்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பொழுது விடிகிற நேரத்துக்கு லாசர் மாமா மணலில் வலையை விரித்துப் போட்டுக் குப்பை பொறுக்குவார். மீன் பொறுக்குவார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மீன் ஒரு கூடை வந்தால் பிளாஸ்டிக் பை மூன்று கூடை வந்தது. கண்ணிக்குள் சிக்கிய பையை நகத்தால் நோண்டி நோண்டித்தான் எடுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் வலை அறுந்துபோகும். உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல், நண்டு கிழித்த கீறல், அதன்மேல் மறுபடியும் உப்பு. அப்போது அவர் வாயில் வருகிற வார்த்தைகளை அச்சில் போட முடியாது. போடக்கூடியது ஒன்றுதான்.

"எவன் ஊட்டு பீரோலேந்துடா வருது இம்மாம் பையும்?"

பாதிக்கு மேல் ஒரே பை. குங்குமச் சிவப்பு, நடுவில் தங்கநிறத் தாழம்பூ, கீழே 'செந்தாழை சில்க்ஸ், தி.நகர்'. தீபாவளி முடிந்தால் போதும், கடல் முழுக்க வாசம் வராத தாழம்பூவாக மிதக்கும்.

நான் தாரணி. கே.கே. நகரில் வாடகை வீடு. கோடம்பாக்கத்தில் சினிமாக் கூட்டத்துக்குச் சட்டை பாவாடை தைத்தவள். கூட்டத்தையே கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ளலாம் என்று ஆனபிறகு தையல்காரி எதற்கு? போகச் சொல்லிவிட்டார்கள். செட் போடுகிற ஜான்சனையும் போகச் சொன்னார்கள். அவன் இந்தக் குப்பத்துப் பையன், லாசர் மாமாவின் அக்கா மகன்.

அந்தப் பைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜான்சனுக்கு மீன் தோன்றியது. பஸ் நீளத்துக்கு ஒரு மீன். இரும்புக் கம்பியில் முள், கிழிந்த வலையில் தோல், வயிறு நிறைய இந்தப் பைகள். உள்ளே ஆட்கள் நின்று தூக்கி நடந்தால் மீன் நெளியும், வாயைத் திறந்து தெருவில் பை பையாகக் கக்கும். கம்பியை ஜான்சன் வளைப்பான். வலையை லாசர் மாமாவும் அவர் மனைவி தேசம்மா அக்காவும் பின்னுவார்கள். வயிறு என் தையல். மீனை வளைத்துத் திருப்புகிற வால் பக்கம் லாசர் மாமாவுக்கு.

கைக்காசு போட்டுச் செய்கிற வேலையா இது? அப்போதுதான் பேப்பரில் வந்தது: சுதந்திரக் கலைஞர்களின் சொந்தப் படைப்புகளுக்குக் கலைக்கொடை, செய்து முடித்ததும் விழா எடுத்துக் காட்டுவார்கள். கொடுப்பவர், செந்தாழை சில்க்ஸ் முதலாளி சிதம்பரநாதன். ஆமாம், அதே செந்தாழைதான். கடலுக்குப் பை கொடுத்த கை கலைக்கும் கொடுத்தது.

கொடையை நடத்துகிறவன் ஸ்ரீகிருஷ்ணா. கசங்கிய கதர் ஜிப்பாவை இஸ்திரி போட்டுக் கசக்கி உடுத்துகிற ஜாதி. ஜான்சன் நீட்டிய படத்தைப் பார்த்துவிட்டு "ரா எனர்ஜி" என்றான். வயிற்றில் என்ன வரும் என்று கேட்கவில்லை. கழிவுப் பொருள் என்றதுமே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, கொடையும் கிடைத்துவிட்டது.

மயிலாப்பூரில் முதலாளியின் பழைய பங்களா, அதன் பின்புறப் புல்தரையில் வேலை. வெயில் ஏறுவதற்குள் கம்பியை முடுக்கிவிட வேண்டும் என்று கருக்கலிலேயே போய்விடுவோம். முதல் நாளே கழுத்தில் அட்டை மாட்டினார்கள். ஜான்சனுக்குக் 'கலைஞர்'. எங்களுக்கு 'உதவியாளர்'. கலைஞருக்குப் பீங்கான் கோப்பையில் டீ, உதவியாளருக்குக் காகிதக் கப்பில். என்ன ஒரு நுட்பமான ரசனை! பதினோரு மணிக்கு மேல் ஸ்ரீகிருஷ்ணா விருந்தாளிகளைக் கூட்டிவந்து நாங்கள் வியர்ப்பதைக் காட்டுவான். ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே, "எவ்வளவு இயல்பா இருக்காங்க" என்று தேசம்மா அக்காவைப் படம் எடுத்தாள்.

"இயல்பா இல்லாம பின்ன இன்னா, பேட்டரி போட்டா கீறேன்?" என்றாள் அக்கா. அந்த அம்மாள் அதற்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை. வால் பக்கத்துச் சட்டத்தை நிமிர்த்தும்போது ஒரு முடிச்சு நழுவிக் கம்பி சரிந்தது. லாசர் மாமாவின் பாதத்தில் செங்குத்தாக இறங்கியது. அவர் குனிந்து தன் காலையே பார்த்தார். புல்தரையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்து ஓடிவந்த ஸ்ரீகிருஷ்ணாவின் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "ஐயோ, லான்!"

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தால்தான் பாதம் ஊன்றும் என்றார்கள். ஊன்றாத காலை வைத்துக்கொண்டு அலையில் போட்டைத் தள்ள முடியாது. தள்ளாதவனுக்குக் கடல் இல்லை. ஸ்ரீகிருஷ்ணாவுக்குப் போன் போட்டோம். இன்சூரன்ஸ் இருக்கிறதாம், ஆனால் கலைஞர்களுக்கு மட்டும்தானாம். உதவியாளர் காலுக்கு இல்லையாம்.

"வருத்தமா இருக்கு ப்ரோ. ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

தூ!

மறுநாள் விழா. காலையிலேயே முதலாளி வந்தார். மீனை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெள்ளை வேட்டி மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார், தலையை ஆட்டினார். வயிற்றுப் பக்கம் வந்ததும் தலை நின்றுவிட்டது.

"இது என்னதுய்யா?"

"மீன் வயிறு சார்" என்றான் ஜான்சன்.

"அதுல என் கடைப் பேரு எதுக்கு?"

"நாங்க எயுதல சார். கடல்லேந்து அப்டியேதான் வந்துச்சு."

"என் பணத்துலயே என்னைய அசிங்கப்படுத்துதீயளா?" ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்தது. சட்டென்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடையில் கல்யாணப் பார்ட்டிக்குப் பட்டு விரிக்கும் குரலுக்கு மாறினார். "தம்பி, நீ திறமைசாலி. உன் மாமனுக்குக் கால்ல அடின்னு கேள்விப்பட்டேன். ஆபரேஷனை நான் பாத்துக்கிடுதேன். அந்தப் பையை எல்லாம் பிரிச்சு எறி. நல்ல பட்டுத்துணி அனுப்புதேன், அதை வச்சுத் தைக்கச் சொல்லு. மீன் உன் பேர்ல மட்டும் இருக்கட்டும். இவங்க கூலியாளுக, கூலியை வாங்கிட்டுப் போகட்டும்."

லாசர் மாமா கட்டுப்போட்ட காலை மடக்கிக்கொண்டு தேசம்மா அக்காவின் தோளைப் பிடித்து நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் கேட்கிற மனுஷனா? மீன் நடப்பதைப் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்று ஆட்டோவில் வந்துவிட்டார். ஜான்சன் அந்தக் காலைப் பார்த்தான். என் கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போனது. பிரித்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பையா முக்கியம்? கால் அல்லவா முக்கியம்?

"தாரணி, கத்திரிய உள்ள வை" என்றாள் தேசம்மா அக்கா. பிறகு முதலாளியிடம் திரும்பினாள். "கூலின்னு சொன்னியே சார், எங்க கரைல கூலி கெடையாது. பங்குதான். போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. தொயில்ல அடிபட்டு ஊட்ல படுத்துக்கினு கீறவனுக்கும் பங்கு போவும். அது பிச்ச இல்ல, அவன் பங்கு. இந்த மீன்ல இவருக்கு பங்கு கீது. பங்குக்காரன் காலு, மொத்த போட்டும் பாக்கணும். நீ தனியா தர்மம் பண்ணாத."

"அது கடல் மீனும்மா. இது கலை. கலைஞன்னா ஒருத்தன்தான்."

"ஒருத்தனே தூக்கினு போவட்டும், பாக்கலாம்" என்றாள் அக்கா.

ஜான்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிற முகத்தோடு சிரித்தான். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மீனின் பல்லில் மாட்டினான். "எல்லார் பேரும் போடு சார். இன்சூரன்ஸ்ல மாமா பேரும் வர்ணும். பை வயித்துலயே இர்க்கட்டும். அதுக்கு ஒத்துக்கினாதான் மீனு உன் விழாவுல நடக்கும். இல்லாங்காட்டி நாங்க தூக்கினு எங்க தெருவுக்குப் போறோம்."

"எங்கல போவ? என் இடத்துல, என் துட்டுல செஞ்சது! முருகா, கேட்டைப் பூட்டு!"

காவலாளி முருகன் பூட்டினான்.

அன்றைய விழாவில் இன்னும் இரண்டு கொடைக் கலைஞர்கள் இருந்தார்கள். ராயப்பேட்டைப் பாட்டுக்காரி சகினா, பழைய ஸ்பீக்கர்களை வைத்து ஏதோ செய்கிற ரெஹான். சத்தம் கேட்டு இருவரும் ஒத்திகையை விட்டுவிட்டு வந்தார்கள். ஸ்ரீகிருஷ்ணா குறுக்கே கையை நீட்டி, "இது அவங்க இஷ்யூ, நீங்க போய் ரிலாக்ஸ் பண்ணுங்க" என்றான்.

"இன்னாத்த ரிலாக்ஸு?" சகினா அவன் கையைத் தள்ளினாள். "என் டோலக்கு நைனாவுக்கும் உதவியாளர்னுதானே மாட்டி வுட்டுக்கீற? நாளைக்கு அவுரு வெரலு ஒடஞ்சா லான்ல ரத்தம்பியா?" அவள் அட்டையும் மீனின் பல்லுக்குப் போனது. ரெஹானும் தன் அட்டையை மாட்டிவிட்டு நேராக மீனுக்குள் போய் நின்றுகொண்டான். அவன் ஒயர் இழுக்கும் பையன்கள், சகினாவின் மேளக்காரர்கள், ஜான்சன், நான் என்று எல்லோரும் சட்டத்துக்கு அடியில் தோள் கொடுத்தோம்.

விழாவில் காட்ட இப்போது ஸ்ரீகிருஷ்ணாவின் ஜிப்பா மட்டும்தான் மிச்சம்.

வால் இடம் காலியாக இருந்தது. அங்கே யார் நிற்பது என்று எல்லோரும் தயங்கினார்கள். தேசம்மா அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றாள். "இது என் எடம் இல்ல. அவுரு எடம். அவுரு வர்ற வரைக்கும் புடிக்கிறேன்" என்றாள்.

முருகன் பூட்டைத் திறக்கவில்லை. அவனுக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது. ஆனால் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து லாசர் மாமாவின் பக்கத்தில் போட்டான். "குந்துண்ணே" என்றான். முதலாளி அவனை முறைத்தார். அவன் பூட்டுப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

இந்தப் பேச்சிலேயே விழா நேரம் வந்துவிட்டது, வெளியே விருந்தாளிகளின் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. ஹாரன் மேல் ஹாரன். பூந்தொட்டி, குத்துவிளக்கு, மாலை போடக் காத்திருக்கும் கைகள், எல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம். திறந்தால் மீன் வெளியே போய்விடும். ஸ்ரீகிருஷ்ணா ஒரு போனில் "டூ மினிட்ஸ் மேம்" என்றும் இன்னொரு போனில் "போலீஸ் வேணாம் சார், பாக்கறவங்களுக்கு நல்லா இருக்காது" என்றும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கீழ வைங்கல! எல்லாத்தையும் கேன்சல் பண்ணிருவேன்!" என்று கத்தினார் முதலாளி.

யாரும் வைக்கவில்லை. கம்பி தோளில் அறுத்தது. வலையிலிருந்து கருவாட்டு வாடையும் கடல் வாடையும் மூக்கில் ஏறின. ஆபரேஷனுக்கு வழி இன்னும் தெரியவில்லை. கொடை போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் முட்டிக்கொண்டிருந்த தோள் ரெஹானுடையதா, மேளக்காரருடையதா என்று தெரியாமல் நின்றபோது அந்தப் பயம் என் ஒருத்தியுடையதாக இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே லாசர் மாமா கரையில் கத்துகிற குரலில் கத்தினார்.

"தலைய கேட்டாண்ட கொண்டு போ! வாலு, எட்து வை!"

எடுத்து வைத்தோம். மீன் நெளிந்து நகர்ந்து கேட்டுக் கம்பிகளில் வாயை வைத்தது. ஜான்சன் கயிற்றை இழுத்தான். வாய் திறந்தது. குங்குமச் சிவப்புப் பைகள் கம்பிக்கு வெளியே, பட்டுச் சேலைகளின் காலடியில் விழுந்தன. முதலில் ஒன்று, பிறகு கொத்தாக. ஒரு விருந்தாளி குனிந்து ஒரு பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூக்கை மூடிக்கொண்டு படம் எடுத்த அதே அம்மாள்தான். பெயரைப் படித்துவிட்டுக் கம்பி வழியாக முதலாளியைப் பார்த்தாள்.

கேட்டு பூட்டியபடியே இருந்தது.

"இன்னும் கீது வயித்துல" என்றார் லாசர் மாமா. "எட்து வை!"