மின்வெட்டு வேளையில் ஒரு செய்முறை வகுப்பு

இரண்டாயிரத்தோராம் ஆண்டில், பல்கலைக்கழகத்தின் மாத்தளை நிலையத்துக்கு நரம்பியற் செய்முறை வகுப்புக்கெனப் புதிய பெட்டியொன்று வந்து சேர்ந்தது. தோலில் மின்வாய்களை ஒட்டிப் பெட்டியை மடிகணினியோடு இணைத்தால், நரம்பின் ஆணைக்குத் தசை எழுப்பும் மின்குறி திரையில் தெரியவேண்டும். இனித் தவளையை அறுக்க வேண்டியதில்லை. ஆனால், மூன்று நாளாகத் திரையில் தடித்த பட்டையொன்றே ஓடிற்று. கையை மடக்கினாலும் அது மாறவில்லை; விளக்கையும் விசிறியையும் நிறுத்திப் பார்த்தும் மாறவில்லை.

அன்று துறைத்தலைவர் மீராசாஹிப் பார்வையிட வருகிறார். பெட்டி உதவாதெனின் தலைமை வளாகத்துக்கே அனுப்பிவிடுவார். மன்றாடி அதைப் பெற்றிருந்த விரிவுரையாளர் புஷ்பவதி காலையுணவைத் தொடாமலே வந்திருந்தாள். பதினொரு மணிக்கு மின்வெட்டு. ஆகவே பத்து மணிக்கே வகுப்பை வைத்திருந்தாள். எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றழைக்கும் ஆய்வுகூட உதவியாளர் இத்ரூஸும், மின்வெட்டில் கைகொடுக்கட்டுமென்று மடிகணினியை எந்நேரமும் மின்னேற்றியில் மாட்டியே வைத்திருந்தார்.

தலைவரோ பலாபத்வலைச் சோதனைச் சாவடியில் அகப்பட்டு, பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்தான் வந்தார்.

மாணவன் அழகமுத்துவின் முன்னங்கையில் இத்ரூஸ் மின்வாய்களை ஒட்டினார்.

"என்னா தம்பி இப்புடி நடுங்குற? தவளைகூட இப்புடி நடுங்கல்லியே!"

"தவளைக்குப் பரீட்சை இல்லீங்களே, நானா!"

வகுப்பு சிரித்தது. திரையில் அதே பட்டை.

"இதுக்குத்தானா இவ்வளவு கடிதம் எழுதினீங்க, புஷ்பவதி?" என்றார் தலைவர்.

"கொஞ்சம் பொறுங்க, சேர்..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் விளக்குகள் அணைந்தன.

"போச்சு மிஸ்!" என்று இத்ரூஸ் தலையிற் கை வைத்தார்.

மடிகணினி மட்டும் தன் மின்கலத்தில் விழித்திருந்து, பெட்டிக்கும் மின் ஊட்டிற்று. பட்டை மெலிந்து மெல்லிய கோடாயிற்று. திகைத்த அழகமுத்து கையை இறுக்கினான். கோட்டில் ஊசிமுனை போன்ற குறிகள் கொத்தாய் எழுந்தன. தளர்த்தினான், அடங்கின.

புஷ்பவதிக்குப் பொறி தட்டிற்று. "நானா, கணினில மாட்டியிருந்த அந்தச் சாஜர்! அதோட மின் இரைச்சலத்தான் மூணு நாளா பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்!"

தலைவர் தம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"என் கையிலயும் ஒட்டுங்க, இத்ரூஸ். பெட்டி இங்கயே இருக்கட்டும்."

இத்ரூஸ் முதலில் மின்னேற்றியைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பின்னர், திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, தலைவரின் கைக்கு மின்வாய் தேடினார். புஷ்பவதிக்கு அப்போதுதான் பசி எடுத்தது.