மண் பார்க்கிற வேலை

பேராதனையிலிருந்து கண்டிக் கட்டுக்கலை வரை நடந்தே வந்த லாபிருக்குக் கால் வலியே தெரியவில்லை. வேலை கிடைத்துவிட்டதே! மாமா மஹ்மூதின் வீட்டு வாசலை மிதித்த பிறகுதான், இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்ற நினைப்பே வந்தது.

இரசாயனம் படித்து லண்டன் பட்டம் வாங்கியவனுக்குக் கண்டியில் என்ன வேலை வைத்திருக்கிறார்கள்? மலைக்கு மலை தேயிலைத் தொழிற்சாலை இருந்தது, வாஸ்தவம். தேயிலை விலை விழுந்து, இருக்கிற ஆட்களையே துரைமார் வேலையை விட்டு நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. வேறு தொழிற்சாலை என்று பெயர் சொல்லக்கூட ஒன்றில்லை. ஊராருக்கோ இரசாயனம் என்றால் மருந்துக்கடை. வீதியில் மறித்து இருமலுக்கு மருந்து கேட்பார்கள். இல்லையென்றால் படித்த திமிர் என்பார்கள். இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல் மாமா ஒரு முடிவு கட்டினார்: மகள் ரபீகாவைக் கட்டித் தருகிறேன், புடவைக்கடைக் கல்லாவில் வந்து உட்கார். ரபீகா மேல் லாபிருக்குக் கொள்ளை ஆசை. கல்லா மேல்தான் ஆசை வரமாட்டேன் என்றது.

கதிரை நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். பேராதனை விவசாய ஆய்வுகூடத்தில் தற்காலிக வேலைதான். தோட்டங்களிலிருந்து வரும் மண்ணைக் காயவைத்து, சலித்து, அமிலம் ஊற்றி, அதில் என்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும். சம்பளம் கிளாக்கரை விடக் குறைவு. சொல்லச் சொல்லக் குரலில் சந்தோஷம் ஏறியது. பாவி, அதையாவது மறைத்திருக்கலாம்.

"மண்ணா?" என்றார் மாமா.

"ஓ மாமா. மண்தான்."

"ஏசுறவங்கதான் பொழைப்புல மண் விழுகன்னு ஏசுவாங்க. நீ அதையே தேடிப் புடிச்சிட்டு வந்து சிரிக்கிறாய்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பேச்சில் மண்ணுக்கு என்ன மரியாதை இருக்கிறது? கெட்டுப்போனால் மண்ணாய்ப் போச்சு. தோற்றால் மண்ணைக் கவ்வினான். மூளை இல்லாதவன் தலைக்குள்ளும் அதுதான்.

"கடைசியாக் கேக்கிறன். கடைக்கு வாறியா, இல்லையா?"

அறை வாசல் திரைக்கு அந்தப் பக்கம் வளையல் அசைந்தது. ரபீகா அங்கேதான் நிற்கிறாள். ஒரு பொய் சொன்னால் போதும், அவள் கிடைத்துவிடுவாள். லாபிருக்கு அந்தப் பொய்தான் வரவில்லை.

"ஏலா மாமா, கடைக்கு வரமாட்டன்," என்றான். "எனக்கு இந்த வேலைதான் புடிச்சீக்கிது."

"அப்ப எண்ட மகளுக்கு என்னத்தத் திங்கக் குடுப்பாய்? மண்ணையா?"

கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில் வாயே திறக்கக்கூடாத அந்தப் பெண், திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"சின்னதுல நான் மண் திண்டதுக்கு நீங்கதானே வாப்பா அடிச்சீங்க? எனக்கு அது புதுசில்ல."

அடி ஆத்தே! மாமாவுக்குக் கோபம்தான் வரப்பார்த்தது. வழியில் எங்கேயோ சிரிப்பாகிவிட்டது. அதை மறைக்க அடுக்களைப் பக்கம் திரும்பி, மனைவியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"உம்மு குல்சும்! மருமகனுக்குச் சோறு போடு!"

சகோதரி மகனும் மருமகன்தான், மகளைக் கட்டப்போகிறவனும் மருமகன்தான். எந்த மருமகனைச் சொன்னார் என்று கேட்க லாபிருக்குத் தைரியம் வரவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹன் வந்தது. மாமா முணுமுணுத்துக்கொண்டே எதிரே உட்கார்ந்து, அதே சஹனில் கையை வைத்தார். பெரிய இறைச்சித் துண்டைத் தேடி எடுத்து, லாபிரின் பக்கமாகத் தள்ளினார்.