ஞாயிற்றுக்கிழமை நொண்டாத நாய்

திங்கட்கிழமை சாயங்காலம் பட்டன் லேசாக நொண்ட ஆரம்பிக்கும். வெள்ளி, சனி வந்தால் வலது பின்னங்காலைத் தரையில் வைக்கவே யோசிக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால் நான்கு காலும் நன்றாக இருக்கும். நாய் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிழமை பாத்து நொண்டுற நாயை நான் இதுவரைக்கும் பாத்ததில்லைம்மா."

நான் மட்டும் பார்த்திருக்கிறேனா என்ன?

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. நகம் சரி, பாதம் சரி, எடை சரி. ஆனால் இடுப்பு மூட்டு வீங்கியிருக்கிறது என்றார். ரொம்ப ஓடவிடுகிறீர்களா, குதிக்கவிடுகிறீர்களா, படி ஏறவிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

பட்டன் எங்கள் நாய் இல்லை. பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று, குட்டிகளை ஒரு வயது வரை வீடுகளில் வளர்க்கக் கொடுக்கிறது. என் தம்பிக்குக் கண் போய் இரண்டு வருடமாகிறது. அவனுக்கு ஒதுக்கிய குட்டியை நானே வளர்க்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன். மூக்கு கோட்டுப் பட்டன் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். இப்போது எட்டு மாதம். பதினோராம் மாதம் பள்ளியில் இடுப்பைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் தம்பி மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

அதனால்தான் பள்ளியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் பயிற்சிக்காரப் பெண் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டி, அதன்படியே நடந்தோம். தீனியை அளந்துதான் போடுவோம். சோபாவிலிருந்து குதிக்க விடமாட்டோம். ஒரு வயது வரை எலும்பு முற்றாது, மாடிப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று அதில் சிவப்பில் எழுதியிருந்தது. என் கணவர் அந்த இரண்டு தடவையையும் வீணாக்காமல் பாடமாக்கிவிட்டார். "போ" என்றால் பட்டன் மாடியில் இருக்கும் தன் மெத்தைக்குப் போகும். "வா" என்றால் இறங்கி வந்து முன்னால் உட்காரும். உடனே ஒரு பிஸ்கட் துண்டு. ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டது. சாமர்த்தியம் எல்லாம் தன்னுடையது என்பதுபோல் அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பகலெல்லாம் அது கீழே, வாசலறையில் இருக்கும் என் தையல் கடையில், மெஷினுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கும். பேண்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பிறகு எப்படி நொண்டும்? என் கணவர் தரை முழுக்க ரப்பர் பாய் விரித்தார். பந்தை எடுத்து ஒளித்து வைத்தார். கடைசியில் சந்தேகம் என்மேல் திரும்பியது.

"நீ ஏதாவது பண்றியா அதை?"

"ஆமா, தினம் ரெண்டு ரவுண்டு அது மேல ஏறி சவாரி போறேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் நொண்ட மாட்டேங்குது?"

"லீவு எடுக்குதோ என்னவோ. எனக்கென்னங்க தெரியும்?"

உண்மையிலேயே தெரியவில்லை. தம்பி போனில் "பட்டன் எப்படி இருக்கான்க்கா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஜம்முன்னு இருக்கான்" என்று பொய் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை கடையின் பழைய கண்ணாடியை மாற்றி, துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாசல் பக்கம் நிறுத்தினேன். பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ரவிக்கையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழக்கம்போல வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

"போயிட்டு வாங்க டீச்சர்."

கண்ணாடியில் பட்டன் எழுந்திருப்பது தெரிந்தது. திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. படியில் நகச் சத்தம் மேலே ஏறியது, அப்படியே கீழே இறங்கியது. நான் திரும்புவதற்குள் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது. மூச்சு வாங்கியது. வெயிலுக்கு என்று நினைத்து இத்தனை நாள் அந்த மூச்சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

குழம்பிப் போய், ஆளில்லாத தெருவைப் பார்த்து மறுபடியும் சொன்னேன். "போயிட்டு வாங்க."

மறுபடியும் "போ"வுக்குப் பதினாறு படி மேலே, "வா"வுக்குப் பதினாறு படி கீழே.

ஒரு நாளைக்கு முப்பது பேராவது வருவார்கள். முப்பது பேரையும் நான் வழியனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பட்டன் வந்து என் முன்னால் உட்கார்ந்து கையைப் பார்த்தது. இத்தனை நாளில் இத்தனை தடவை சொன்னபடி கேட்டதற்கு அதற்கு ஒரு பிஸ்கட்கூடக் கிடைத்ததில்லை.

கணவர் இதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மறுநாள் பயிற்சிக்காரப் பெண் வந்தாள். மெத்தையைக் கீழே இறக்கச் சொன்னாள். இனிமேல் படுக்கச் சொல்ல "மெத்தை" என்றும், தெருவில் முன்னால் நடக்கச் சொல்ல மட்டும் "போ" என்றும் சொல்ல வேண்டுமாம்.

"'போ'வையும் 'வா'வையும் சேத்து இந்த வீட்ல யாரும் சொல்லக் கூடாதுக்கா. நாலு மாசத்துக்கு."

"அப்ப வெளிய கெளம்புறவங்ககிட்ட என்ன சொல்றது?"

"போங்கன்னு சொல்லுங்க. இல்ல, பேசாம இருங்க."

"நல்லாருக்கு போ" என்றேன் எரிச்சலில். பட்டன் எழுந்து நின்றது.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் வெறும் "போங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொன்னால் திரும்பி வரமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பயம், சின்ன வயதிலிருந்தே. அதனால் வாயை மூடிக்கொண்டேன். வாடிக்கையாளர்களிடம் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று டீச்சர் பக்கத்துக் கடையில் சொன்னாராம். கணவர் வேலைக்குக் கிளம்பும்போது கையை மட்டும் காட்டுவேன். அவர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்வரை எனக்கு வேலை ஓடாது.

ஆனால் நொண்டல் குறைந்தது. முதலில் சனிக்கிழமை நன்றாக ஆயிற்று, பிறகு வாரம் முழுக்க. பதினோராம் மாதம் பட்டன் சோதனையில் தேறியது. நான் தம்பிக்குப் போன் போட்டு எல்லாப் பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

ஒரு வயது நிறைந்த அன்று தம்பியும் பயிற்சிக்காரப் பெண்ணும் வந்தார்கள். பள்ளியில் இரண்டு மாதம் அவனும் பட்டனும் சேர்ந்து பழக வேண்டும். பிறகு அவன் வேலை பார்க்கும் ஊருக்கு இரண்டு பேரும் போய்விடுவார்கள். வாசலில் அந்தப் பெண் பட்டனின் வாரை அவன் கையில் கொடுத்தாள். அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"வரேன்க்கா."

நான்கு மாதம் கட்டி வைத்த வாய் அவிழ்ந்துகொண்டது. "போயிட்டு வாடா."

பட்டன் நான்கு அடி போனது. திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தது. வாரின் மறுமுனையில் என் தம்பியும் தடுமாறித் திரும்பினான்.

"போ" என்றான் அவன். அது அவனைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்தது.

"நீங்க சொன்னாத்தான் போகும்க்கா" என்றாள் அந்தப் பெண். "அந்த ஒரு வார்த்தை மட்டும். இல்லன்னா திரும்பித் திரும்பி வந்துகிட்டே இருக்கும்."

ஒரு பிஸ்கட்டை எடுத்து வந்து, உடைக்காமல் முழுசாக அதன் வாயில் வைத்தேன்.

"போ" என்றேன்.

பட்டன் எழுந்து தெருவில் இறங்கியது. நான்கு காலையும் நன்றாக ஊன்றி, தம்பியைக் கல்லில் இடறாமல் ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு நடந்தது. தெருமுனை வரைக்கும் பார்த்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.