கம்பவுண்டர் வீட்டு முன்னறை

எங்கள் ஊர்க் கிளை நூலகம் கம்பவுண்டர் வீட்டு முன்னறையில்தான் தொடங்கியது. மனைவி இறந்த பிறகு ஆளரவமில்லாத வீட்டில் இருக்க முடியாமல், அந்த அறையை அவரே வாடகையின்றிக் கொடுத்தார். பேப்பர் படிக்க வருகிறவர்கள் காலில் வந்த கட்டியையும் அவரிடம் காட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் அரசியல் பேசிச் சண்டை போட்டால், உள்ளே சமைத்துக்கொண்டே அவரும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்.

பிறகு கடைத்தெருவில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. அலமாரிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று மாலை பழக்கதோஷத்தில் அவர் வாசற்கதவைத் திறந்து வைத்தார். யாரும் வரவில்லை.

மறுநாள் புதுக் கட்டடத்துக்குப் போய், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஐயா, இங்க பேசக்கூடாது," என்றாள் புதிதாக வேலைக்கு வந்திருந்த நூலகர். "நீங்க உறுப்பினரா?"

"இல்லம்மா. இதுவரைக்கும் அதுக்குத் தேவையே வரல."

"புத்தகம் ஏதாவது எடுத்துத் தரட்டுமா?"

"வேண்டாம்மா. நாலு பேரு இருக்கற இடத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்."

அவள் அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அவள் விளக்கை அணைக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.